ஐம்பது ரூபாய் சந்தாவும் ஐம்பதாயிரம் ரூபாய் வாக்கும்

காரைக்குடியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரிலிருந்து இந்தக் கடிதம் வந்தது. ஊர்ப் பெயரையும் ஆள் பெயர்களையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். அவருடைய குழுவையும் சேர்த்து மூன்று குழுக்கள், மொத்தம் 42 பெண்கள். பாதிப் பேர் கல்யாண ஆர்டருக்குத் தேன்குழல், மணகோலம், கைமுறுக்கு என்று பலகாரம் சுடுகிறவர்கள். மற்றவர்கள் ஓலைக் கொட்டான் பின்னுகிறார்கள், அல்லது ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைக்குப் போகிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து ஆளுக்கு மாதம் 50 ரூபாய் போட்டு ‘ஆபத்து நிதி’ என்று சேர்த்து வருகிறார்கள். உறுப்பினரோ அவர் கணவரோ இறந்தால் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் தருவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

2022-இல் ஓர் உறுப்பினர் நோயில் இறந்தார். முழுத் தொகையும் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் ஓர் உறுப்பினரின் கணவர், வயது 46, நெஞ்சுவலியில் போனார். அதற்கும் கொடுத்தார்கள். நாலே மாதத்தில், ஆகஸ்டில், இன்னொருவரின் கணவர், வயது 39, தென்னை மரத்திலிருந்து விழுந்து மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துவிட்டார். அப்போது கையில் இருந்தது 30,000 ரூபாய்தான். மிச்சம் உறுப்பினர்களிடம் கடனாக நின்றது. “எனக்கு மட்டும் ஏன் குறைவு?” என்று அந்தப் பெண் கேட்கிறார். “போட்ட பணத்தைத் திருப்பிக் கொடு” என்று சிலர் கேட்கிறார்கள். 63 வயது ஆச்சி ஒருவர், “ஆறு வருஷமாக் கட்டுறேனே, எனக்கு என்ன கிடைக்கும்?” என்கிறார். ‘இது சட்டவிரோத இன்சூரன்ஸ், போலீஸ் வந்தால் ஊக்குநரைத்தான் பிடிக்கும்’ என்று படித்த பையன் ஒருவன் பயமுறுத்தியிருக்கிறான்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் இரண்டு செய்திகள். மரத்திலிருந்து விழுந்தவரின் பாஸ்புக்கில் 2025 மே மாதம் 20 ரூபாய் பிடித்திருக்கிறது. வங்கியில் கேட்டதற்கு, “30 நாளைக்குள் சொல்லியிருக்க வேண்டும், இனி ஒன்றும் செய்ய முடியாது” என்றார்களாம். நெஞ்சுவலியில் இறந்தவரின் பாஸ்புக்கில் 2022 ஜூனிலும் 2023 மே மாதத்திலும் 436 ரூபாய் பிடித்திருக்கிறது. 2024 மே மாதம் பிடிக்கவில்லை, அப்போது கணக்கில் இருந்தது 211 ரூபாய். “இரண்டு வருஷம் கட்டினாரே, அதற்காவது ஏதாவது வருமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். உங்கள் நிதியின் கதையை நிதானமாகப் பேசலாம். அந்த 20 ரூபாய்க்கு அவசரம் இருக்கிறது.

அந்த 20 ரூபாய்க்குப் பின்னால் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது

மே மாதம் பிடித்த 20 ரூபாய், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீட்டின் பிரீமியம். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை அதற்கு ஆயுள். விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். அவர் இறந்தது ஆகஸ்டில், காப்பீடு உயிரோடு இருந்த காலத்தில்.

போலீஸில் புகார் கொடுக்கவில்லையே என்று தயங்கியிருக்கிறீர்கள். சாலை விபத்து, நீரில் மூழ்குதல், குற்றம் சம்பந்தப்பட்ட சாவு போன்றவற்றுக்குத்தான் காவல்துறைப் பதிவு கட்டாயம். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு இருந்தால் போதும் என்று திட்ட விதியே சொல்கிறது. அவரைச் சேர்த்த அன்று ‘மரத்திலிருந்து விழுந்தார்’ என்று மருத்துவமனையில் எழுதியிருப்பார்கள். அந்த விபத்துப் பதிவேட்டின் நகலை, நம் ஊரில் ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதை எழுதிக் கேட்டு வாங்குங்கள். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அந்த அறிக்கையும் வேண்டும்.

அடுத்து, அந்த 30 நாள். விதியில் இருப்பது உண்மைதான். ஆனால் தாமதம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நியாயமான கோரிக்கைகளை இயந்திரம்போல நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2017-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. அது வாகனத் திருட்டு வழக்கு என்றாலும் கொள்கை ஒன்றுதான். வீட்டுக்காரர் இறந்த துக்கத்தில் இருந்தவர், அப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாதவர் என்பது தாமதத்துக்குச் சொல்லக்கூடிய காரணம். நிச்சயம் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கேட்காமல் விடக் கூடாது என்கிறேன்.

வங்கியில் வாயால் கேட்டதும் வாயால் மறுத்ததும் கணக்கில் வராது. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, ஏ.ஆர். காப்பி, மருத்துவமனைச் சுருக்கம், 20 ரூபாய் பிடித்த பாஸ்புக் பக்கம், நாமினியின் ஆதாரும் வங்கிக் கணக்கும், தாமதம் ஏன் என்று ஒரு பக்கக் கடிதம் என எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கிளையில் கொடுத்து, தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். எந்தக் காப்பீட்டு நிறுவனம், வங்கி தன் வாடிக்கையாளர்களுக்காக மொத்தமாக எடுத்திருக்கும் மாஸ்டர் பாலிசியின் எண் என்ன என்று அதே கடிதத்தில் கேளுங்கள். நிறுவனம் எழுத்தில் மறுத்தால் அவர்களுக்கே ஒரு முறையீடு அனுப்ப வேண்டும். அதையும் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்கு, ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை, வக்கீலான எனக்கே அங்கே வேலை கிடையாது! அதற்கு மேல் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

நாமினியாக அவருடைய அம்மா பெயர் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்பே திறந்த கணக்கு என்றும் எழுதியிருந்தீர்கள். பணம் அம்மா கைக்குத்தான் முதலில் போகும். ஆனால் நாமினி என்பவர் பொதுவாக வாரிசுகள் சார்பில் வாங்கிக்கொள்கிறவர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு ஒரு சம பங்கு. மாமியாருக்கு ஒன்றும் இல்லை என்று மருமகள் நினைப்பதும் தவறு, எல்லாம் எனக்கே என்று மாமியார் நினைப்பதும் தவறு. படிவம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். பணம் வந்த பிறகு பேசுவது கஷ்டம்.

இன்னும் சிலவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவருடையது ஜன்தன் கணக்கு, ரூபே கார்டு இருந்தது, விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அதைப் பயன்படுத்தியிருந்தார் என்றால், அந்தக் கார்டுக்கென்று தனி விபத்துக் காப்பீடு உண்டு. கணக்கு எப்போது திறந்தது என்பதைப் பொறுத்து 1 லட்சமோ 2 லட்சமோ. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையோ உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியப் பதிவோ இருந்தால் அவற்றிலும் விபத்து மரணத்துக்கு உதவி உண்டு. மரம் ஏறுகிறவர்களுக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் ‘கேர சுரக்ஷா’ என்று ஒரு விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறது. உங்கள் ஊரில் மரம் ஏறும் மற்றவர்களுக்காவது இது பயன்படட்டும்.

நெஞ்சுவலியில் இறந்தவருக்கு

இங்கே நான் ஏமாற்றத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 436 ரூபாய் திட்டம், ஜீவன் ஜோதி, வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஆயுள் காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். ஆனால் அந்த வருஷத்துப் பணம் பிடித்திருந்தால் மட்டுமே. 2024 மே மாதம் கணக்கில் 211 ரூபாய் இருந்ததால் பிடிக்க முடியவில்லை. ஜூன் 1 முதல் காப்பீடு இல்லை. முந்தைய இரண்டு வருஷப் பணம் அந்த இரண்டு வருஷத்துக்கானது, அது தீர்ந்துபோனது.

ஒரே ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். அந்த மே மாதக் கடைசி வாரத்துக் கணக்கு விவரத்தை முழுதாக எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு நாள் 436-க்கு மேல் இருந்தும் வங்கி பிடிக்காமல் விட்டிருந்தால், அது வங்கியின் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனுக்குப் போகலாம். இல்லையென்றால் அந்த அத்தியாயம் முடிந்தது.

அவர் மனைவி வாரக் கடன் கட்டிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கடன் கொடுத்தபோதே ‘இன்சூரன்ஸ்’ என்று ஒரு தொகை கழித்திருப்பார்கள். பல நிறுவனங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் எடுக்கின்றன. அப்படியானால் மீதிக் கடனைக் காப்பீடு அடைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி இந்தப் பிடித்தம் கடன் விவரத் தாளில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கணவர் இறந்த பிறகும் அவர் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், முதலில் அந்தத் தாளை எடுத்து என்னவென்று பாருங்கள்.

உங்கள் நிதி: போலீஸ் பயமும் கணக்குப் பயமும்

போலீஸ் பயத்தை விடுங்கள். பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஆபத்துக்கு உதவிக்கொள்வது குற்றம் இல்லை. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, அரசு வகுக்கும் வரம்புக்குள் சுய உதவிக் குழுக்கள் வாங்கும் சந்தாவுக்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்தப் பையன் சொன்னதில் ஒரு விதை உண்மை இருக்கிறது. ‘இவ்வளவு சந்தா கட்டினால், இன்னது நடந்தால், இத்தனை ரூபாய் கட்டாயம் தருவோம்’ என்று வாக்குக் கொடுப்பதுதான் காப்பீடு. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி, பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே அந்தத் தொழிலைச் செய்யலாம். அதற்குக் குறைந்தது 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். அரசின் மகளிர் திட்டத்தில் நம் குழு பதிவாகியிருக்கிறதே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அந்தப் பதிவு சேமிக்கவும் கடன் கொடுக்கவும் வாங்கவும். காப்பீடு நடத்த அது அனுமதி ஆகாது.

எனக்குச் சட்டத்தைவிடக் கணக்குதான் கவலை. 42 பேர், மாதம் 50, வருஷத்துக்கு 25,200 ரூபாய். ஒரு சாவுக்கு 50,000. அதாவது ஒரு சாவு இரண்டு வருஷ வசூலைச் சாப்பிட்டுவிடும். கணவர்களையும் சேர்த்தால் 80 உயிருக்கு நீங்கள் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு ஒரு சாவு என்று எமனோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டுமே இது ஓடும். உங்கள் நேர்மையிலோ கணக்கு எழுதியதிலோ ஒரு குறையும் இல்லை. அந்த நோட்டின் நகலைப் பார்த்தேன், பல நிறுவனங்களே அவ்வளவு சுத்தமாக எழுதுவதில்லை. குறை எண்ணிக்கையில். இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள்: கல்யாண ஆர்டருக்கு நீங்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரே வேனில்தானே போகிறீர்கள்?

காப்பீடு உங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்தான் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தையும் நடத்தினார். சென்னை அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் அந்த நிறுவனம் 1953-இல் கட்டத் தொடங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையான பிறகுதான் கட்டி முடித்துத் திறந்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அடியில் இருக்கும் சூத்திரம் சின்னது: ஒரே ஊரில், ஒரே தொழிலில் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் கொஞ்சம் கொஞ்சம் கட்டினால், அவர்களில் யாரோ சிலருக்குக் கொடுக்கலாம்.

பெரிய எண்ணிக்கையும் தப்பாகப் போவது உண்டு. மேலே சொன்ன இரண்டு அரசுத் திட்டங்களும் 2015-இல் தொடங்கியபோது 330 ரூபாயும் 12 ரூபாயுமாக இருந்தன. 2022 மார்ச் வரையிலான கணக்கில், 100 ரூபாய் பிரீமியம் வாங்கியதற்கு ஆயுள் திட்டத்தில் 145 ரூபாயும் விபத்துத் திட்டத்தில் 221 ரூபாயும் இழப்பீடாகப் போயிருந்தது. அதனால்தான் அந்த ஜூனில் 436, 20 என்று ஏற்றினார்கள். ஏறியதற்கு உங்கள் கூட்டத்தில் வருத்தப்பட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஏற்றாமல் விட்டிருந்தால் உங்கள் நிதிக்கு ஆகஸ்டில் வந்த நிலைமை அதற்கும் ஒருநாள் வந்திருக்கும்.

சின்னதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பெரியதை வெளியே தள்ளுங்கள்

நிதியைக் கலைக்க வேண்டாம். அதன் வேலையை மாற்றுங்கள். சாவு என்ற பெரிய சுமையைப் பெரிய திட்டங்களிடம் கொடுத்துவிட்டு, அவை தொடாத சின்னச் சின்னக் கஷ்டங்களுக்கு உங்கள் நிதியை வையுங்கள்.

436-உம் 20-உம் சேர்ந்து வருஷத்துக்கு 456. மாதம் 38 ரூபாய். இன்று கட்டும் 50 ரூபாயிலேயே ஓர் உறுப்பினருக்கு இரண்டு திட்டமும் அடங்கி, வருஷத்துக்கு 144 ரூபாய் மிஞ்சுகிறது. விபத்தில் இறந்தால் இரண்டும் சேர்த்து 4 லட்சம், நோயில் இறந்தால் 2 லட்சம். உங்கள் 50,000-த்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணவருக்கும் சேர்த்து என்றால் 912; மாதம் 76 ரூபாய். சந்தாவை 100 ஆக்க முடிந்தால் கணவன் மனைவி இருவருக்கும் கட்டி, குடும்பத்துக்கு 288 வீதம் நிதியில் தங்கும். கட்டாயப்படுத்த வேண்டாம். முடிந்தவர் 100, முடியாதவர் 50 என்று வைத்துக்கொள்ளலாம்.

பணத்தைக் குழு நேரடியாகக் கட்ட முடியாது, அவரவர் கணக்கிலிருந்துதான் பிடிப்பார்கள். சிக்கலே அங்கேதான். மே கடைசி வாரத்தில் வங்கி கை வைக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. நோட்டு, சீருடை, கட்டணம் என்று வீட்டில் கடைசி ரூபாயைச் சுரண்டுகிற நேரம். 211 ரூபாய் இருந்த அந்தக் கணக்கு சோம்பலால் காலியாகவில்லை. ஆகவே தையிலும் ஆவணியிலும், தீபாவளிக்கு முன்பும் பலகார ஆர்டர் குவியும்போதே மாதம் 38 வீதம் குழு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மே 20-ஆம் தேதிக்குள் ஒவ்வொருவர் கணக்கிலும் 456 ரூபாயைப் போட்டு, ஜூன் முதல் வாரத்தில் பாஸ்புக் வரிபோட்டு வந்து கூட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். குழுவின் இரண்டு பிரதிநிதிகளில் ஒருவருக்கு இதை மட்டும் வேலையாகக் கொடுங்கள். விட்டுப்போனால் மறுபடி சேரலாம், ஆனால் 436 திட்டத்தில் சேர்ந்த முதல் 30 நாளுக்கு விபத்துச் சாவு தவிர மற்றதற்குப் பணம் வராது.

இன்னும் சேராதவர்கள் மே வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆயுள் திட்டத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சேர்ந்தால் 228 ரூபாய், மார்ச் முதல் மே வரை என்றால் 114. ஒருவர் ஒரு வங்கிக் கணக்கில் மட்டும் சேர வேண்டும். இரண்டு வங்கியில் இரண்டு முறை கட்டினாலும் கிடைப்பது ஒன்றுதான்.

மிஞ்சும் பணத்தில் என்ன செய்யலாம்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை, பிரீமியத்தை அரசே கட்டுகிறது. 42 பேரில் எத்தனை பேர் அட்டை வாங்கியிருக்கிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லுங்கள். அந்த அட்டை பஸ் செலவையும், கூட இருப்பவரின் சாப்பாட்டையும், போன கூலியையும் தராது. எண்ணெய்ச் சட்டி கையில் கொட்டிப் பத்து நாள் அடுப்பண்டை போக முடியாத பெண்ணுக்குத் தினம் 100 ரூபாய் என்று உங்கள் நிதி கொடுத்தால், அதை எந்த நிறுவனமும் உங்களைவிடச் சீக்கிரம் கொடுத்துவிட முடியாது. காயம் உண்மையா என்று விசாரிக்க ஆள் அனுப்பவும் வேண்டாம், அடுத்த வீட்டுக்காரிக்கே தெரியும்.

தீர்மானத்தின் வாசகத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள். ‘தரப்படும்’ என்ற இடத்தில் ‘நிதியில் இருப்பைப் பொறுத்துக் குழு தீர்மானிக்கும் உதவி’ என்று வரட்டும். ஒரு சம்பவத்துக்கு உச்சவரம்பும் போடுங்கள். புதுத் தீர்மானம் இனி வருவதற்குத்தான். ஆகஸ்டில் கணவரை இழந்தவருக்குப் பழைய தீர்மானப்படி இன்னும் 20,000 பாக்கி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்கு அது. மாத வசூல் 2,100. பத்து மாதத்தில் தீர்ந்துவிடும். தவணை எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் விதியை மாற்றுங்கள். முறையை மாற்றிச் செய்தால், அவருக்குக் கொடுக்காமல் தப்பிக்கத்தான் மாற்றினீர்கள் என்று ஊர் சொல்லும். நீதிமன்றத்திலும் அது நன்றாக இருக்காது.

“ஒன்றும் நடக்கலையே, பணத்தைக் கொடு”

திருப்பிக் கேட்கிறவர்கள் மொய்க் கணக்கை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். மொய் நோட்டில் எழுதியது திரும்பி வர வேண்டும், அது நியாயம். அது கொடுக்கல் வாங்கல். இந்த 50 ரூபாய் அப்படிப்பட்டதில்லை. இந்த ஆறு வருஷத்தில் அவர்கள் வீட்டில் சாவு நடந்திருந்தால் 50,000 வந்திருக்கும். அந்தத் தைரியத்துக்குக் கொடுத்த விலை அது. காவலுக்கு ஆள் வைத்தோம், திருடன் வரவில்லை, சம்பளத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்போமா?

இதே எண்ணத்தைத்தான், உங்களிடம் வந்ததாக நீங்கள் எழுதிய இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். வருஷம் 2,400 கட்டினால் சாவுக்கும் பணம், முடிவில் போட்டதும் திரும்பும் என்று சொன்ன திட்டத்தில், உயிர்க் காப்பீடு கொஞ்சம், சேமிப்பு மிச்சம். நடுவில் இரண்டு தவணை விட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டீர்களா? சீசன் வருமானக்காரர்கள் விடாமல் கட்டுவது கஷ்டம். தொடக்க வருஷங்களில் விட்டவர்களுக்குப் போட்டதில் பெரும்பகுதி போய்விடும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர் யாராவது இருந்தால், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். சேமிப்பு வேண்டுமானால் உங்கள் குழுவே இருக்கிறது. ‘லீடராக இருங்கள், கமிஷன் தருகிறேன்’ என்று உங்களிடம் சொன்னாரே, அதை மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஏழைகளுக்கான குறுங்காப்பீட்டுக்கென்று 2005-இலேயே தனி விதிமுறை வந்தது. சுய உதவிக் குழுக்களே அதில் முகவராகலாம். ஆனால் அதற்கு நிறுவனத்தோடு எழுத்துமூல ஒப்பந்தமும் பயிற்சியும் வேண்டும். ஒரு ஏஜென்ட்டின் வாய்வார்த்தை போதாது.

ஆச்சிக்கு என்ன?

உங்களில் 11 பேர் 50 வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் 436 திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது; முன்பே சேர்ந்திருந்தால் 55 வரை தொடரலாம். 20 ரூபாய் திட்டம் 70 வரை எல்லோருக்கும் உண்டு. இவர்கள் விஷயத்தில் மூன்று குழுக்கள் மட்டும் எதுவும் செய்ய முடியாது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இதை எழுப்புங்கள். பல நூறு பேர் சேர்ந்து ஒரு நிறுவனத்திடம் குழு ஆயுள் காப்பீடு கேட்டால், வயதானவர்களையும் சேர்த்து ஒரே விலை பேச இடம் இருக்கிறது. மதுரையில் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் பீப்பிள் மியூச்சுவல்ஸ் என்ற அமைப்பின் வழியாக, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் பரஸ்பரக் காப்பீட்டைப் பல ஆண்டுகளாக நடத்துகிறார்கள். ஒருநாள் பஸ் ஏறிப் போய், வசூலையும் கோரிக்கையையும் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

63 வயது ஆச்சிக்கு இப்போதைக்குத் தேவை மருத்துவ அட்டை. 70 வயதானால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, 2024 அக்டோபரிலிருந்து. உங்கள் நிதியிலிருந்து ஈமச்சடங்குக்கு 5,000 என்று ஒரு வரம்பு வைத்தால், யாரிடமும் கை ஏந்தாமல் போவேன் என்ற நிம்மதி அவருக்கு இருக்கும். அவர் கேட்டதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

என் அலுவலகத்துக்கு ஒருமுறை ஓர் அம்மா நிலப் பிரச்சினைக்காக வந்தார். பத்திரம் தேடிப் பையைக் கவிழ்த்தபோது இறந்துபோன கணவரின் பாஸ்புக் விழுந்தது. வருஷா வருஷம் 12 ரூபாய் பிடித்திருந்தது. ஐந்து வருஷம் கழித்து நாங்கள் போய்க் கேட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. புரியாத எழுத்துச் சுருக்கத்தில் அச்சான அந்த ஒரு வரியை அந்த வீட்டில் யாரும் படித்ததே இல்லை. ஆகவே அடுத்த கூட்டத்துக்கு 42 பேரையும், வீட்டுக்காரர் பாஸ்புக்கையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். 20, 436 என்ற இரண்டு எண்களை மட்டும் தேடினால் போதும். ஒவ்வொருவருக்கும் நாமினி யார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர்கள் நிறைய இருக்கும், மாற்ற வங்கியில் ஒரு படிவம்தான்.

மரத்திலிருந்து விழுந்தவரின் ஏ.ஆர். காப்பி கிடைத்ததும் நகலை எனக்கு அனுப்புங்கள். தாமதத்துக்கான கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.